மார்புப் புற்றுநோய்: அனுசேப மரபணுப் புள்ளியா, நொட்டிங்ஹாம் சுட்டெண்ணா?

மட்டக்களப்பில் மார்புப் புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட பெண்களின் நோயியல் அறிக்கைகளை வைத்து, யாருக்கு ஆபத்துக் கூட என்று பார்க்கும் ஆய்வுக்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, கட்டியில் அனுசேப மரபணுக்கள், அதாவது கலம் சத்தை எரித்துச் சக்தியாக்குவதை நடத்தும் மரபணுக்கள், எவ்வளவு வேலை செய்கின்றன என்று அளந்து புள்ளி போடுவது. மற்றது, நோயியல் அறிக்கையை வைத்தே ஆபத்தைக் கணிக்கும், 1982இல் வந்த நொட்டிங்ஹாம் சுட்டெண். நாங்கள் எடுத்தது இரண்டாவதை.

செலவு தெரிந்த கதை. முதலாவதுக்கு, மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் ஆர்.என்.ஏவை வாசிக்கும் வசதி வேண்டும். இரண்டாவதுக்கு அறிக்கையும் பேனையும் போதும். கட்டியின் அளவை, சென்டிமீட்டரில், 0.2ஆல் பெருக்கி, நிணநீர்க்கணுக்களில் பரவலுக்கு 1 முதல் 3, தரத்துக்கு (நுணுக்குக்காட்டியில் கலங்கள் எவ்வளவு மோசமாகத் தெரிகின்றன என்பதற்கு) 1 முதல் 3 கூட்டினால் சரி. 2.5 செ.மீ கட்டி, இரண்டு கணுக்களில் பரவல், தரம் 2 என்றால் 0.5 + 2 + 2 = 4.5. நடுத்தர ஆபத்து.

அனுசேபப் பக்கமும் லேசானதல்ல. ஒட்சிசன் இருந்தும் புற்றுக்கலங்கள் குளுக்கோசை லக்டிக் அமிலமாக்குவதை ஓட்டோ வார்பர்க் 1920களிலேயே கண்டார்.

என்னை முடிவெடுக்க வைத்தது வெட்டுப்புள்ளி. இத்தகைய ஆய்வுகள் பலவற்றில், டி.சி.ஜி.ஏ (புற்றுக்கட்டிகளின் மரபணுத் தரவுகளைத் திரட்டிய அமெரிக்கத் திட்டம்) போன்ற தரவுத்தொகுதியில் புள்ளிகளின் இடையத்தை, அதாவது வரிசையின் நடு எண்ணை, எடுத்து, மேலே உள்ளவர்களை அதிக ஆபத்து என்று பிரிக்கிறார்கள். அப்படிப் பார்த்தால், ஆரம்ப நிலையில் உள்ள 40 பேரை மட்டும் எடுத்து அவர்களுக்குள்ளேயே இடையம் பார்த்தாலும் 20 பேர் அதிக ஆபத்தில் போய் விழுவார்கள். முந்தைய தரவுத்தொகுதியின் இடையத்தையே பிடித்துக்கொள்ளலாம் என்றால், ஆய்வுகூடமும் கருவியும் மாறும்போது அளவீடே நகர்ந்துவிடுகிறது. நாளைக்குக் களுவாஞ்சிகுடியிலிருந்து ஓர் அக்கா தனியாக வந்தால் அவருக்கு எந்த எண்ணைச் சொல்வது? சென்டிமீட்டர் எங்கேயும் சென்டிமீட்டர்தான்.

அப்புறம், கலம் வேகமாகப் பிரியும்போது அனுசேப மரபணுக்கள் பலவும் கூடவே ஏறும். தரம் போடும்போதே நோயியல் நிபுணர் பிரியும் கலங்களை எண்ணிவிடுகிறார். மார்புப் புற்றுநோய் பற்றி 2011இல் வெளியான ஓர் ஆய்வில், எழுந்தமானமாகப் பொறுக்கிய, 100க்கு மேற்பட்ட மரபணுக்கள் கொண்ட தொகுதிகளில் 90 வீதத்துக்கும் அதிகமானவை நோயின் போக்கோடு தொடர்பு காட்டின. ஆகவே தொடர்பு இருப்பது மட்டும் போதாது. தரத்துக்கு மேல் புதிதாக என்ன சொல்கிறது என்று கேட்க வேண்டும்.

நொட்டிங்ஹாமிலும் குறை உண்டு. நுணுக்குக்காட்டியில் பார்க்கும் ஒரே கண்ணாடி வில்லைக்கு இரு நிபுணர்கள் வேறு தரம் போடலாம். அதன் பழைய உயிர்வாழ்வு வீதங்கள் இன்றைய மருந்துகளுக்கு முந்தியவை. அதனால் ஆபத்தை வரிசைப்படுத்த மட்டுமே பயன்படுத்துகிறோம். ஈரல், சிறுநீரகப் புற்றுநோய்களில் நான் வேலை செய்ததில்லை. அங்கே அனுசேபப் புள்ளி முந்தவும் கூடும்.

மார்புப் புற்றுநோய் திரும்பும் ஆபத்தைக் கணிக்கும் ஒன்கோடைப் டி.எக்ஸ் என்ற மரபணுப் பரிசோதனையின் 21 மரபணுக்களில் 5, அதே மாதிரிக்குள் அளவீட்டைச் சரிசெய்வதற்கென்றே வைக்கப்பட்டவை. அப்படி நிலையான வெட்டுப்புள்ளியோடு ஓர் அனுசேபப் புள்ளி வந்தால், முதல் வேலையாகத் தரத்தோடு சேர்த்துக் கொக்ஸ் பகுப்பாய்வில், அதாவது பல காரணிகள் உயிர்வாழ்வோடு தனித்தனியே எவ்வளவு தொடர்புடையவை என்று பிரித்துக் காட்டும் புள்ளிவிவர முறையில், போட்டுப் பார்ப்பேன்.