ரெசலூட் – கிறீஸ் பியோர்ட்: தூரம் சரி, நேரம் பிழை

இரண்டு ஊர்ப் பெயரைக் கொடுத்தால் இடையில் எவ்வளவு தூரம், விமானத்தில் எவ்வளவு நேரம் என்று சொல்லும் இலவச இணையத்தளம் ஒன்றைக் கொஞ்ச நாளாகப் பாவிக்கிறேன். தூரத்துக்கு நம்பலாம். நேரத்துக்கு வேண்டாம்.

களுவாஞ்சிகுடியில் இருக்கும் எனக்கு இது எதற்கு என்றால், அக்காவின் மகள் கனடாவின் வடகோடியில், நுனாவுட்டில் தாதியாக வேலை செய்கிறாள். ரெசலூட்டிலிருந்து கிறீஸ் பியோர்ட்டுக்கு மாற்றம் வந்திருக்கிறது. 2021 கணக்கெடுப்பில் முதல் ஊரில் 183 பேர், மற்றதில் 144 பேர். "எவ்வளவு தூரம், பிளேனில் எவ்வளவு நேரம் இருக்க வேணும்?" என்று அக்கா கேட்டுக்கொண்டே இருந்தார்.

தளம் காட்டிய தூரம் 383 கிலோமீற்றர். இரண்டு ஊரின் அகலக்கோடு, நெடுங்கோட்டை எடுத்து நானும் கணக்குப் போட்டேன், சரியாக வந்தது. இது சின்ன விஷயம் இல்லை. போனில் பார்க்கும் வரைபடம் வடக்கே போகப் போக இழுபட்டுப் பெருக்கும். 75 பாகையில் ஏறக்குறைய 4 மடங்கு. அதைப் பார்த்துத்தான் அக்கா பயந்திருந்தார். பருத்தித்துறையிலிருந்து தெய்வேந்திரமுனைக்கு உள்ள தூரம்கூட இல்லை என்று சொன்னதும் முகம் தெளிந்தது.

அப்புறம் விமான நேரம்: 29 நிமிடம் என்று போட்டிருந்தது. 383ஐ 800ஆல் வகுத்த விடை. மணிக்கு 800 கிலோமீற்றர் பறப்பது பெரிய ஜெட். கிறீஸ் பியோர்ட்டில் உள்ளதோ 500 மீற்றரை ஒட்டிய சரளைக்கல் ஓடுபாதை, பக்கத்திலேயே மலை. அங்கே இறங்குவது ட்வின் ஒட்டர் என்ற சின்ன விமானம், மணிக்கு 280 கிலோமீற்றர் அளவில் போகும். ஆகவே ஒன்றேகால் மணி தாண்டும், எதிர்க்காற்று என்றால் ஒன்றரை. அதுவும் புறப்பட்டால்தான். மூடுபனியோ பலத்த காற்றோ வந்தால் அன்றைக்கு இல்லை, மறுநாளும் இல்லாமல் போகலாம். அரை மணி என்று நம்பிய தாய், ஒரு மணி கழிந்தும் பிள்ளையின் அழைப்பு வராவிட்டால் என்ன பாடுபடுவாள்!

இதைவிடக் கோபம் வந்தது கீழே இருந்த வரியால்: "காரில் 4 மணி 47 நிமிடம்". நுனாவுட்டில் எந்த இரண்டு ஊரையும் இணைக்க வீதி கிடையாது. ரெசலூட் ஒரு தீவில், கிறீஸ் பியோர்ட் இன்னொரு தீவில். நடுவில் டெவன் தீவு. உலகில் ஆள் குடியிராத தீவுகளில் அதுதான் பெரியது. மிச்சம் கடல், ஆண்டில் பெரும்பகுதி உறைந்து கிடக்கும். மண்டூருக்கும் குருமண்வெளிக்கும் நடுவில் வாவி கிடக்க, பாதை எனப்படும் மிதவைப் படகில் ஏறாமலே சைக்கிளில் போகலாம் என்று சொல்வது போல.

மட்டக்களப்பு – கொழும்பு என்று போட்டால் 220 கிலோமீற்றர் அளவில் வருகிறது. அது நேர்கோடு, ரயிலிலோ பஸ்ஸிலோ 300ஐத் தாண்டும் என்று நமக்குத் தெரியும். தெரியாத ஊருக்கு அப்படிப் பிடிக்க முடியாது. ஆனால் தெரியாத ஊரைத்தானே இதில் தேடுகிறோம்?

விமான வகையைத் தெரிவு செய்ய ஒரு கட்டம் வையுங்கள், வீதி இல்லாத இடத்தில் இல்லை என்றே போடுங்கள் என்று அவர்களுக்கு எழுதியிருக்கிறேன். அதுவரை தூரத்தை மட்டும் இதில் பாருங்கள். நேரத்துக்கு அந்த வழியில் பறக்கும் நிறுவனத்தின் கால அட்டவணையைத் திறந்து, புறப்படும் நேரத்தையும் இறங்கும் நேரத்தையும் எடுத்து, அவை எந்த ஊர் நேரம் என்றும் கவனித்துக் கழித்துக்கொள்ளுங்கள்.