டெரிஞ்சரா, ரிவால்வரா: இரண்டு தோட்டாவுக்காக ஒரு லைசென்ஸ் இடத்தைக் கொடுக்கலாமா?

ஆயுதச் சட்டத்தில் 2019ஆம் ஆண்டு வந்த திருத்தத்துக்குப் பிறகு, சாதாரண உரிமதாரர் ஒருவர் பெயரில் இரண்டு துப்பாக்கிகள்தான் இருக்கலாம். அதற்கு முன்பு மூன்று. டெரிஞ்சர் என்ற உள்ளங்கையளவுக் கைத்துப்பாக்கி மேல் ஆசை உள்ளவர்கள் எடை, விலை, அழகு எல்லாவற்றுக்கும் முன்னால் இந்தக் கணக்கைத்தான் போட வேண்டும். கையில் இருப்பது இரண்டே இடம். அதில் ஒன்றை, இரண்டு முறை மட்டும் சுடக்கூடிய ஒரு கருவிக்குக் கொடுக்கிறோமா?

கேள்வி இப்படி இருந்தாலும் ஆசை நியாயமானதுதான். பிலடெல்பியாவில் ஹென்றி டெரிஞ்சர் செய்த ஒற்றைக் குழல் கைத்துப்பாக்கி உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். 1865 ஏப்ரல் 14 அன்று ஆபிரகாம் லிங்கனைச் சுடப் பயன்பட்டது அந்த வகைதான். சுட்டவன் ஜான் வில்க்ஸ் பூத். அந்த ஒரு குண்டு போனதும் துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டுக் கத்தியை எடுத்தான். ஒற்றைக் குழலின் குறையை அந்த இரவே காட்டிவிட்டது. அடுத்த ஆண்டு, 1866இல், ரெமிங்டன் நிறுவனம் மேலும் கீழுமாக இரண்டு குழல் வைத்த டெரிஞ்சரை இறக்கியது. 1935 வரை, ஏறக்குறைய 70 ஆண்டுகள் அது விற்பனையில் இருந்தது. இன்று டெரிஞ்சர் என்றதும் பலருடைய மனதில் வரும் உருவம் அதுதான்: பறவைத் தலை போல வளைந்த பிடி, 3 அங்குலக் குழல்கள், ட்ரிக்கரைச் சுற்றிக் காப்பு வளையம் கிடையாது.

அதன் இயக்கம் ரசிக்கத் தக்கது. ஹேமரை (அடிக்கும் சுத்தியை) பின்னால் இழுக்கும் ஒவ்வொரு முறையும் உள்ளே ஒரு சிறு பல்சக்கரம் நகர்ந்து, ஃபயரிங் பின்னை (தோட்டாவைக் குத்தி வெடிக்க வைக்கும் ஊசியை) மேல் குழலுக்கும் கீழ்க் குழலுக்கும் மாற்றி மாற்றிக் கொண்டுபோகும். பக்கவாட்டு நெம்பைத் திருப்பினால் குழல்கள் கீலில் மேல்நோக்கி மடியும். ரிவால்வரில் சுழலும் சிலிண்டர் போல எதுவும் இல்லாததால் நடுவில் புடைப்பு இல்லை. பிஸ்டல் போலத் தோட்டா அடுக்கும் மேகசின் இல்லாததால் பிடி மெலிந்திருக்கும். உதிரிகள் குறைவு, வெளிக்கோடு வழவழப்பு. சட்டைப் பையில் எங்கும் மாட்டாது.

கச்சிதம் என்ற ஒரே வாதம்

டெரிஞ்சரின் பெரிய வாதம் அளவு. 1866இல் அதற்கு எதிர்வாதம் இல்லை. இன்று உண்டு. ரெமிங்டன் இரட்டைக் குழல் வெறுமையாகச் சுமார் 310 கிராம். அமெரிக்காவில் விற்கும் ரூகர் எல்சிபி பிஸ்டல் வெறுமையாகச் சுமார் 270 கிராம். 7 தோட்டாக்களை நிரப்பினாலும் 340 கிராமைத் தாண்டாது. டெக்சாஸில் பாண்ட் ஆர்ம்ஸ் செய்யும் நவீன ஸ்டெயின்லெஸ் டெரிஞ்சர்களில் வழக்கமான ஒன்று 3 அங்குலக் குழலுடன் வெறுமையாகவே 550 கிராமுக்கு மேல். அதாவது, தோட்டா நிரம்பிய பிஸ்டலைவிடத் தோட்டா இல்லாத டெரிஞ்சர் கனம். எடைக்குக் காரணம் உண்டு. வலுவான தோட்டாவைத் தாங்கவும் பின்னுதைப்பை அடக்கவும் உலோகம் வேண்டும். ஆனால் அந்த எடையைச் சுமப்பவருக்குக் கிடைப்பது இரண்டு தோட்டாதான்.

எடையே முக்கியம் என்பவர்கள் நார்த் அமெரிக்கன் ஆர்ம்ஸின் குட்டி ரிவால்வரைச் சொல்வார்கள். .22 எல்ஆர் என்ற சிறு தோட்டாவுக்கான வடிவம் 130 கிராம்தான், 5 தோட்டா. சிலிண்டரின் விளிம்பில், அறைகளுக்கு நடுவே, ஹேமரை இறக்கி வைக்கச் சிறு வெட்டுகள் உண்டு. அதனால் ஐந்தையும் நிரப்பிக்கொண்டே பாதுகாப்பாக வைக்கலாம். குறை என்ன? மறுபடி நிரப்ப நடு ஊசியை உருவி, சிலிண்டரையே கழற்றி, அதே ஊசியால் காலிக் கூடுகளைக் குத்தித் தள்ள வேண்டும். பிடியை இரண்டு விரல் பிடித்தால் அதிகம். இருந்தும் டெரிஞ்சரோடு வைத்துப் பார்த்தால், ஐந்து என்பது இரண்டல்ல.

நான்கு குழல் வைத்தும் முயன்றார்கள். 1980களில் வந்த சிஓபி துப்பாக்கி அந்த வகை. எடை கிட்டத்தட்ட 800 கிராம், ட்ரிக்கரை இழுப்பதும் கடினம். அதோடு அந்தக் கதை முடிந்தது.

குழல் நீளத்தில் ஒரு கண்கட்டு

விளம்பரத்தில் டெரிஞ்சருக்கு 3 அங்குலக் குழல், சிறு ரிவால்வருக்கு 1.875 அங்குலக் குழல் என்று போட்டிருக்கும். டெரிஞ்சர்தான் நீளம் என்று தோன்றும். டெரிஞ்சரில் தோட்டா உட்காரும் அறையும் குழல் நீளத்தில் சேர்ந்தே அளக்கப்படுகிறது. ரிவால்வரில் அறை சிலிண்டரில் இருப்பதால் சேராது. .38 ஸ்பெஷல் கூடு 1.155 அங்குலம். 3 அங்குலத்தில் அதைக் கழித்தால் குண்டு உண்மையில் ஓடும் தூரம் 1.85 அங்குலம் அளவே. சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே கொஞ்சம் வாயு கசியாதது மட்டும் டெரிஞ்சரின் லாபம். வேகத்தில் இரண்டும் அக்கம்பக்கம்.

.45 கோல்ட் தோட்டா, .410 ஷாட்கன் தோட்டா இரண்டையும் ஏற்கும் குழலில் இது இன்னும் மோசம். அறை 2.5 அங்குலம், 3 அங்குலக் குழலில் மரை (குண்டைச் சுழற்றிவிடும் உட்பள்ளம்) ஓடும் பகுதி அரை அங்குலம். .45 தோட்டாவைப் போட்டால் குண்டு ஏறக்குறைய ஓர் அங்குலம் வெற்றறையில் பாய்ந்து, பிறகுதான் மரையைத் தொடுகிறது. குறி துல்லியமாக இருந்தால்தான் ஆச்சரியம்.

பழைய ரெமிங்டனின் .41 ரிம்ஃபயர் தோட்டா வினாடிக்கு சுமார் 130 மீட்டர் வேகம், 70 ஜூல் சக்தி. இங்கே பரவலான .32 பிஸ்டல் தோட்டா சுமார் 170 ஜூல். போதாததற்கு .41 தோட்டா இன்று வழக்கமான உற்பத்தியில் இல்லை. துப்பாக்கி கிடைத்தாலும் அது கண்ணாடிப் பேழைக்குள்தான்.

சுடும்போது வரும் சிக்கல்கள்

முதலாவது ட்ரிக்கர். டெரிஞ்சரில் விரல் நேர் பின்னோக்கி இழுத்தால் கனமாக இருக்கும்; கொஞ்சம் கீழ்நோக்கியும் அழுத்த வேண்டும். ரிவால்வரில் பழகிய விரல் இதைச் செய்யாது. பலம் போட்டு இழுப்பார்கள், முனை தாழும், குண்டு தரையைப் பார்க்கும். ஹேமர் இல்லாத இரட்டை இயக்க வடிவங்கள், குறிப்பாக 1962இல் வந்த ஹை ஸ்டாண்டர்ட் .22, எடுத்ததும் சுடலாம் என்ற வசதி தந்தன. விலையாக, இழுவிசை மிகக் கடுமை.

இரண்டாவது, மேல் குழலும் கீழ்க் குழலும் ஒரே இடத்தில் சுடாது. 3, 5, 7 மீட்டரில் தாள் வைத்து, எந்தக் குழல் எங்கே விழுகிறது என்று தனித்தனியே குறித்துப் பார்த்தால் தெரியும். 3 மீட்டரில் வித்தியாசம் சொற்பம். 7 மீட்டரில் ஒரு குழலுக்குப் பழகிய குறி மற்றதற்குப் பொய்யாகலாம்.

மூன்றாவதுதான் ஆபத்து. பழைய வடிவங்களில் ஹேமர் இறங்கியிருந்தால் ஃபயரிங் பின் தோட்டாவின் மேலேயே உட்கார்ந்திருக்கும். கீழே விழுந்தால் வெடிக்கலாம். ஹேமரைப் பாதி மட்டும் இழுத்து, அரை இழுப்புப் பள்ளத்தில் நிறுத்துவதுதான் அதன் பாதுகாப்பு. நூறாண்டுத் தேய்மானத்துக்குப் பின் அந்தப் பள்ளத்தை நம்புவது மடமை. நவீன வடிவங்களில் ஹேமர் தானாகப் பின்வாங்கும், குறுக்குப் பூட்டும் உண்டு. துத்தநாகக் கலவையில் வார்த்த மலிவு டெரிஞ்சர்களைத் தொடவே வேண்டாம். விரிசல் விட்டால் வெல்டிங் ஏறாது.

மறுபடி நிரப்புவது? நெம்பைத் திறந்து, குழலை மடக்கி, எக்ஸ்ட்ராக்டர் கொஞ்சம் தூக்கிக் கொடுக்கும் கூடுகளை நகத்தால் இழுத்து, ஒவ்வொன்றாகப் போட்டு மூட வேண்டும். உப்பிய .22 கூடு சிக்கினால் குச்சி தேட வேண்டும். பதற்றத்தில் நடக்கிற வேலையல்ல.

சென்னையில் எது கைக்கு எட்டும்

1980களின் நடுப்பகுதியிலிருந்து தனியார் கைத்துப்பாக்கி இறக்குமதிக்கு வழி அடைபட்டிருக்கிறது. விலக்கு தேர்ந்த விளையாட்டு வீரர்கள் போன்றவர்களுக்குத்தான். அதனால் பாண்ட், ரூகர் எல்லாம் இங்கே அளவுகோல் மட்டும். 9 மிமீ, .38 இரண்டும் தடைசெய்யப்பட்ட ‘போர்’ (bore, குழல் துளையின் அளவு). சாதாரண உரிமத்தில் எஞ்சுவது .22, .25, .32 வகையறா. அதில் டெரிஞ்சர் என்றால், முன்பே இங்கு வந்துசேர்ந்த பழைய துண்டு ஏதாவது உரிமதாரர் கைமாறினால்தான்.

எதிரணியில் இருப்பவை: 2014இல் வந்த நிர்பீக், .32 ரிவால்வர், 500 கிராம், 6 தோட்டா. வந்த புதிதில் விலை 1.22 லட்சம் ரூபாய். இஷாப்பூரில் செய்த நிடர், .22, 250 கிராம். அசானி, .32 பிஸ்டல், 8 தோட்டா மேகசின். 2023இல் வந்த பிரபல், சிலிண்டர் பக்கவாட்டில் திறக்கும் .32 ரிவால்வர். நிர்பீக் டெரிஞ்சரைவிடத் தடிமன்தான், சட்டைப் பையில் புடைக்கும். ஆனால் தோட்டா, உதிரி, பழுதுபார்ப்பு மூன்றும் உள்நாட்டிலேயே உண்டு. ஒரு தோட்டா வெடிக்காவிட்டால் மறுபடி ட்ரிக்கரை இழுத்தால் அடுத்த அறை வந்துவிடும். டெரிஞ்சரில் ஒன்று சொதப்பினால் பாதிக் கையிருப்பு போச்சு. ஒரு எச்சரிக்கை: ரிவால்வரின் .32 தோட்டா நீளமானது, விளிம்புள்ளது, பிஸ்டலின்.32 வேறு. கடையில் ‘32 போர்’ என்று மட்டும் கேட்டு வாங்காதீர்கள்.

என் தீர்ப்பு: உரிமம் தற்காப்புக்கென்றால் .32 ரிவால்வர். எடை தாங்காதவருக்கு நிடர். டெரிஞ்சர் இரண்டாவது இடத்துக்கு மட்டும், அதுவும் இயந்திரத்தை ரசிப்பவருக்கு.

வாங்கினால் முதலில் கீலைப் பாருங்கள். ரெமிங்டன் வடிவத்தின் தீராத நோய் அங்கேதான்: கீலைத் தாங்கும் மெல்லிய காதுகள் இரண்டும் விரிசல் விடும். மூடிய நிலையில் குழலைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள், பூதக்கண்ணாடியால் காதுகளின் அடியைப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் காட்சிப்பொருள் விலைதான் கொடுக்கலாம். பிறகு ஹேமரை நான்கு முறை இழுத்து, ஃபயரிங் பின் தவறாமல் மேல், கீழ் என மாறுகிறதா என்று பாருங்கள்.

சென்னையின் உப்புக் காற்றுக்கு இரண்டு குழலுக்கும் நடுவிலுள்ள இடுக்கும் கீல் திருகும் பிடித்த இடங்கள். பையில் வைத்த வியர்வை அங்கே தங்கும். கருநீலப் பூச்சு ஒரே இரவில் செம்புள்ளி காட்டும். தோல் உறைக்குள் வைத்துப் பூட்டாதீர்கள். தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும், பித்தளைக் கூட்டில் பச்சை பூக்கும். எண்ணெய் தோய்த்துப் பிழிந்த துணியால் துடைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பொட்டலத்தை அடிக்கடி மாற்றுங்கள். தோட்டா மேல் எண்ணெய் படக் கூடாது, மருந்து செத்துவிடும்.

காகித வேலை எல்லாத் துப்பாக்கிக்கும் ஒன்றுதான்: மாநகரில் உரிம அதிகாரி காவல் ஆணையர், அலுவலகம் வேப்பேரி, பாதுகாப்புப் பயிற்சிச் சான்று, போலீஸ் விசாரணை, ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தல். தேர்தல் நேரத்தில் ஒப்படைக்கச் சொன்னால் டெரிஞ்சரையும்தான்.

தாத்தா காலத்துப் பெட்டியில் டெரிஞ்சர் கிடைத்தால் பழம்பொருள்தானே என்று அலமாரியில் வைத்துவிட முடியாது. பழுதுபார்த்தாலும் சுட முடியாத நிலையில் இருந்தால்தான் சட்டத்தின் 45ஆம் பிரிவு விலக்குத் தரும். சுடக்கூடியதென்றால் 21ஆம் பிரிவின்படி காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொண்டு, வாரிசு உரிமத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். குழலை அடைக்கிறேன், பின்னை அராவுகிறேன் என்று வீட்டில் இறங்காதீர்கள். சட்டமும் ஏற்காது, பழம்பொருள் மதிப்பும் போய்விடும்.