என்விடிஏ: கரகரக் குரலோடு வேலை பார்ப்பது எப்படி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கணினித் திரையைப் பார்க்க முடியாத ஒருவர் ஆபீஸ் வேலையில் இருக்கிறார், அல்லது சேரப் போகிறார் என்றால், அவர் காசு கொடுத்து வாங்க வேண்டியது ஒரு நல்ல ஹெட்போன் மட்டும்தான். மென்பொருளுக்கு என்விடிஏ போதும், அது இலவசம். விண்டோஸ் திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடர் இது. ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்பவர் 2006-இல் எழுத ஆரம்பித்தார், அப்புறம் ஜேம்ஸ் டே சேர்ந்துகொண்டார். இரண்டு பேருக்குமே பார்வை கிடையாது, அது இந்த மென்பொருளைப் புழங்கும்போதே தெரியும். தரவிறக்கும்போது நன்கொடை கேட்பார்கள், கொடுக்காவிட்டாலும் இறங்கும்.

எனக்கு ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா, விழித்திரை மெல்ல மெல்லப் பழுதாகும் நோய். இருட்டில் தடுமாறுவதில் ஆரம்பித்து, பக்கவாட்டுப் பார்வை சுருங்கிச் சுருங்கி, வங்கி வேலையில் சேர்ந்த பிறகுதான் எழுத்து மொத்தமாகக் கைவிட்டுப் போனது. இன்றும் வங்கியில் கடன் பிரிவில்தான் இருக்கிறேன். அதனால் இது ஒரு வாரம் போட்டுப் பார்த்துவிட்டு எழுதும் மதிப்புரை இல்லை.

குரல் விஷயத்துக்கு வருவோம், எல்லோரும் முதலில் குறை சொல்வது அதைத்தான். என்விடிஏ கூடவே வரும் ஈஸ்பீக் என்ற கணினிக் குரல் தமிழும் பேசும், ஆனால் தகர டப்பாவுக்குள் இருந்து பேசுகிற மாதிரிதான் இருக்கும். பக்கத்து சீட்டுக்காரர் ஒருமுறை ஹெட்போனை வாங்கிக் கேட்டுவிட்டு, "இதையா சார் நாள் பூராவும் கேக்குறீங்க?" என்று பரிதாபப்பட்டார். இனிமையாக வேண்டுமென்றால் விண்டோஸிலேயே 'வள்ளுவர்' என்று ஒரு தமிழ்க் குரல் இருக்கிறது. செட்டிங்ஸில் தமிழுக்கான பேச்சுத் தொகுப்பைச் சேர்த்தால் என்விடிஏவில் தேர்ந்தெடுக்கலாம். கதை, கட்டுரை படிக்க நான் அதைத்தான் வைத்துக்கொள்கிறேன். வேலைக்கு உட்கார்ந்தால் ஈஸ்பீக்தான். விசையை அழுத்திய நொடியில் பேசும், அடுத்த விசையில் சட்டென்று நிறுத்தும். வேகத்தை ஏற்றிக்கொண்டே போனாலும் எழுத்துகளை விழுங்காது. ஒரு நாளில் நூற்றுக்கணக்கான எக்ஸெல் கட்டங்களைத் தாண்டுபவனுக்கு ஒவ்வொரு கட்டத்திலும் அரை நொடி தாமதம் என்றால் சாயங்காலம் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். புதிதாக வருபவர்கள் மனிதக் குரல் தேடி அலைந்து, ஈஸ்பீக்கைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். கொஞ்ச நாள் பல்லைக் கடித்துக்கொண்டு கேளுங்கள், காது பழகிவிடும்.

இணையப் பக்கத்தில் எச் விசை தலைப்புக்குத் தலைப்பு தாவும், கே இணைப்புகளுக்கு, பி பட்டன்களுக்கு. அட்டவணைக்குள் கட்டம் கட்டமாக நகர கன்ட்ரோல், ஆல்ட்டோடு அம்புக்குறி. மவுஸைத் தொடவே வேண்டாம். எனக்கு ரொம்பப் பிடித்தது திரையை இருட்டாக்கும் ஸ்கிரீன் கர்டெயின். வாடிக்கையாளர் விவரம் திறந்திருக்கும்போது பின்னால் நிற்பவர் எட்டிப் பார்க்க முடியாது. மானிட்டர் போய்விட்டது என்று நினைத்து ஒயரைப் பிடுங்கி மாட்டிய புண்ணியவான்களும் உண்டு.

இனி குறைகள். பாதிக் குறை என்விடிஏ மேல் இல்லை. ஸ்கேன் செய்த பிடிஎஃப்பாக ஒரு சர்குலர் வந்தால் ஸ்கிரீன் ரீடருக்கு அது வெறும் படம். இன்சர்ட் விசையோடு ஆர் அழுத்தினால், படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் விண்டோஸின் ஓசிஆரை வைத்து ஆங்கிலத்தை ஓரளவு படித்துவிடும், தமிழ் ஸ்கேனிடம் அந்த வழி பலிக்காது. கூகுள் லென்ஸ் தமிழை நன்றாகவே எடுக்கிறது, ஆனால் அடுத்தவர் பத்திரத்தைப் படம் பிடித்து வெளி சர்வருக்கு அனுப்ப முடியுமா? பத்திரம் என்றால் இன்றும் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கத்தான் வேண்டியிருக்கிறது. யூனிகோட் அல்லாத பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த தமிழ்க் கடிதங்கள் இன்னொரு தலைவலி. கண்ணுக்குத் தமிழ், உள்ளே இருப்பதோ ஆங்கில எழுத்துக் குப்பை. என்விடிஏ அந்தக் குப்பையை நேர்மையாக வாசிக்கும். ஒலி வசதி இல்லாத கேப்ச்சா, பெயர் வைக்காத பட்டன்கள் எல்லாம் இதே கணக்குதான். 'பட்டன், பட்டன், பட்டன்' என்றே சொல்லிக்கொண்டு போகும், எது சேமிப்பது, எது அழிப்பது என்று நாமே கண்டுபிடிக்க வேண்டும்.

ஜாஸ் என்ற, காசு கொடுத்து வாங்கும் ஸ்கிரீன் ரீடரோடு ஒப்பிடச் சொல்லிப் பலர் கேட்கிறார்கள். அது என்விடிஏவுக்கு மூத்தது, சில பழைய அலுவலக மென்பொருள்களோடு நிறுவனமே ஸ்கிரிப்ட் எழுதிப் பொருத்திக்கொள்ள வசதியானது, ஆனால் விலை சாதாரணச் சம்பளக்காரருக்குக் கட்டுப்படியாகாது. உரிமம் இல்லாமல் ஓட்டினால் நாற்பது நிமிடத்தில் நின்றுவிடும், கணினியை மறுபடி தொடங்க வேண்டும். நிறுவனம் வாங்கிக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். சொந்தக் காசு போட வேண்டாம்.

ஆபீஸ் கணினியில் போட விடமாட்டேன் என்கிறார்கள் என்பது பலருடைய புலம்பல். என்விடிஏவை நிறுவாமலேயே பென்டிரைவிலிருந்து ஓட்டலாம், ஆனால் வங்கி போன்ற இடங்களில் பென்டிரைவே செல்லாது. எழுத்து மூலமாகக் கேளுங்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20-ஆவது பிரிவு, அரசு நிறுவனங்கள் தங்கள் ஊழியருக்கு வேலை பார்க்கத் தேவையான வசதியைச் செய்து தர வேண்டும் என்கிறது, பணியில் இருக்கும்போது பார்வை போனவரை வேலையை விட்டு எடுக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்றும் சொல்கிறது. கண் மங்கத் தொடங்கியதும் பயந்துபோய் விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுக்க நினைப்பவர்கள் முதலில் அந்தப் பிரிவைப் படியுங்கள், அப்புறம் முடிவு செய்யலாம். அதே சட்டத்தில் அரசு வேலைகளில் பார்வையற்றோருக்கும் குறைபார்வை உள்ளவர்களுக்கும் 1% ஒதுக்கீடு உண்டு.

கொஞ்சம் பார்வை மிச்சம் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எழுத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி மூக்கு திரையில் முட்டும்வரை காத்திருக்க வேண்டாம், கண் ஓரளவு உதவும்போதே விசைகளைக் கற்றுக்கொள்வது எளிது. என்விடிஏவை வெளியிடும் என்வி ஆக்சஸ் தளத்திலிருந்து இறக்கி, முதல் திரையிலேயே கேப்ஸ் லாக்கை என்விடிஏ விசையாக, அதாவது என்விடிஏ கட்டளைகளுக்குக் கூடவே அழுத்தும் விசையாகத் தேர்ந்தெடுங்கள், லேப்டாப்பில் இன்சர்ட்டைத் தேடுவது எரிச்சல். அப்புறம் கேப்ஸ் லாக்கோடு 1 அழுத்துங்கள். அதற்குப் பிறகு எந்த விசையைத் தொட்டாலும் அது எதற்கு என்று மட்டும் சொல்லும், எதுவும் அழியாது. வெளியே வர மறுபடி அதே இரண்டு விசைகள்.