விராலடிப்பான் குஞ்சைப் பின்தொடர எது சரி? செயற்கைக்கோளா, செல்போன் கோபுரமா, கால் வளையமா?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விராலடிப்பான் (மீனைப் பிடித்துத் தின்னும் வலசைக் கழுகு, ஆங்கிலத்தில் ஆஸ்ப்ரே) குஞ்சுக்கு, அது எங்கே போகிறது என்று அறியக் கருவி மாட்டுவதென்றால் செயற்கைக்கோளுக்கு நேரடியாகத் தகவல் அனுப்பும் கருவியைத்தான் மாட்ட வேண்டும், செலவு கூடினாலும் சரி. வளர்ந்த பறவைக்கு செல்போன் கோபுரம் வழியாக அனுப்பும் கருவி போதும், சொல்லப்போனால் அதுதான் நல்லது. திருநெல்வேலிப் பக்கம் விஜயநாராயணம் குளத்தங்கரையில் நிற்கிற நமக்கு இரண்டுமே கைக்கு எட்டாது, ஆனால் நம்மால் மட்டுமே முடிகிற ஒரு வேலை இருக்கிறது.

குஞ்சுக்கு ஏன் தனிக் கணக்கு என்று கேட்கலாம். இந்தப் பறவையில் தாய்தான் முதலில் வலசை கிளம்பும், தகப்பன் இன்னும் கொஞ்ச நாள் இருந்து மீன் பிடித்துப் போடும், அப்புறம் குஞ்சு தன்னந்தனியாகக் கிளம்பும், வழிகாட்ட ஒரு பறவையும் கூட வராது. எந்தத் திசையில் போக வேண்டும் என்பது பிறவியிலேயே இருக்கிறது, ஆனால் காற்று பக்கவாட்டில் தள்ளினால் என்ன செய்வது என்பது பட்டுத்தான் தெரிய வேண்டும். பிரிட்டனில் பிறந்த குஞ்சுகள் செனகல், காம்பியா வரை போகின்றன. கிழக்குக் காற்றில் மாட்டி அட்லாண்டிக் பக்கம் ஒதுங்கி, இறங்க நிலமில்லாமல் கடலில் விழுந்தவையும் உண்டு. முதல் தடவை ஊர் திரும்புவதற்குள்ளேயே பாதிக்கு மேல் செத்துப்போகின்றன. அதனால் குஞ்சைப் பொறுத்தவரை, எந்த வழியாகப் போனது என்பதைவிட எங்கே விழுந்தது என்பதுதான் நமக்குத் தெரிய வேண்டிய பெரிய விஷயம்.

இதை வைத்துக்கொண்டு இரண்டு கருவிகளையும் பாருங்கள். இரண்டும் முதுகில் பை போல மாட்டுவது, சூரிய ஒளியில் மின்னேற்றம், இருப்பிடம் பிடிப்பது ஜிபிஎஸ். குஞ்சு கூட்டிலிருக்கும்போதே, ஐந்தாறு வார வயதில், உடம்பு ஏறக்குறைய முழு அளவுக்கு வந்ததும் மாட்டிவிடுவார்கள். பறவை ஒன்றரை கிலோ என்றால் கருவி அதன் எடையில் நூற்றுக்கு மூன்று பங்கைத் தாண்டக்கூடாது என்பது பொதுவான வரம்பு, அதாவது 45 கிராம். வித்தியாசமெல்லாம் தகவலை அனுப்பும் விதத்தில்தான். செல்போன் கருவி எல்லாவற்றையும் உள்ளே சேர்த்து வைத்து, கோபுரம் கிடைத்ததும் மொத்தமாகக் கொட்டும். கட்டணம் குறைவு, சில நிமிடத்துக்கு ஒரு புள்ளிகூட எடுக்கலாம், பறவை எந்த வெப்பக்காற்றில் வட்டமடித்து ஏறியது என்பது வரை தெரியும். ஆர்கோஸ் எனும் செயற்கைக்கோள் அமைப்பு வழியாக அனுப்பும் கருவியில் புள்ளிகள் குறைவு, கட்டணம் அதிகம், ஆனால் சகாரா நடுவிலிருந்தும் கடல் நடுவிலிருந்தும் தகவல் வந்துவிடும்.

இப்போது குஞ்சு பாலைவனத்துக்குள் போய்ச் செத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். செல்போன் கருவி கடைசிக் கோபுரத்தோடு நின்றுவிடும், அதற்குப் பிறகு சேர்த்து வைத்ததெல்லாம் மணலுக்குள் போச்சு. பிழைத்த குஞ்சின் பயணம் அங்குலம் அங்குலமாகக் கிடைக்கிறது, செத்த குஞ்சின் கதை பாதியில் அறுந்துவிடுகிறது. அந்தப் பதிவுகளை மட்டும் வைத்து ஆராய்ந்தால் குஞ்சுகள் நன்றாகத்தான் பறக்கின்றன என்று தோன்றும், ஆபத்தான இடம் எது என்பது வரைபடத்தில் வெற்றிடமாகவே கிடக்கும். செயற்கைக்கோள் கருவியும் தண்ணீருக்குள் போனால் பேசாதுதான், ஆனாலும் அதற்கு முந்தின நாள் பறவை எங்கே, எந்தத் திசையில் போனது என்பது நம் கையில் இருக்கும். நான் செயற்கைக்கோள் பக்கம் நிற்பது இந்த ஒரே காரணத்துக்காகத்தான். (சர்வதேச விண்வெளி நிலையத்தில் ஆன்டெனா வைத்து, சின்னக் கருவிகளிலிருந்து தகவல் வாங்கும் இகாரஸ் திட்டம் 2020இல் தொடங்கியது. ரஷ்யாவோடு சேர்ந்து நடந்த அந்த வேலை உக்ரைன் போரால் 2022இல் நின்றுபோனது. அது தொடர்ந்திருந்தால் இந்த ஒப்பீடே வேறு மாதிரி இருந்திருக்கும்.)

கால் வளையத்தைப் பழைய முறை என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. 1899இல் டென்மார்க்கில் மார்டென்சன் என்ற ஆசிரியர் மைனாக் குடும்பப் பறவைகளுக்கு எண் பொறித்த அலுமினிய வளையம் போட்டுத் தொடங்கியது, நம் நாட்டில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1927இலிருந்து போடுகிறது, கோடியக்கரையில் அவர்கள் செய்த வேலை பறவை பார்க்கிறவர்களுக்குத் தெரியும். வளையத்துக்கு மின்னேற்றம் வேண்டாம், பழுதாகாது. கருவி சில வருடத்தில் ஓய்ந்துவிடும், இந்தப் பறவையோ இருபது வருடம்கூட வாழும். ஆனால் ஒரு நிபந்தனை, யாராவது அதைப் பார்த்துப் படிக்க வேண்டும்.

நம் வேலை அங்கேதான் வருகிறது. விராலடிப்பான் மீனைத் தலை முன்னால் இருக்கும்படி திருப்பிப் பிடித்துக்கொண்டு பறந்து, கரையிலுள்ள பட்டமரத்திலோ மின்கம்பத்திலோ உட்கார்ந்து, வெகுநேரம் நிதானமாகக் கிழித்துத் தின்னும். அந்த நேரத்தில் இறகில்லாத வெளிறிய கால் நன்றாகத் தெரியும், நிற வளையம் இருந்தால் ஸ்பாட்டிங் ஸ்கோப்பில் (முக்காலியில் வைத்துப் பார்க்கும் தொலைநோக்கி) அதிலுள்ள எழுத்தைப் படித்துவிடலாம். குளத்தை மீன்குத்தகை எடுத்தவர்களிடமும் சொல்லி வையுங்கள். "அண்ணாச்சி, அது காலையில வந்து நம்ம மீனைத் தூக்கிட்டுப் போவுதுல்லா" என்று குறைப்படுகிறவருக்குத்தான் அது எந்த மரத்தில் உட்காரும், எத்தனை மணிக்கு வரும் என்பதெல்லாம் தெரியும்.

கணக்கெடுப்பையும் இந்த வரிசையில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். 2011இலிருந்து ஜனவரியில் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது, எந்தக் குளத்தில் எத்தனை என்பதற்கு அதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் தனிப்பறவை எங்கிருந்து வந்தது என்பதை அது சொல்லாது, குஞ்சா கிழமா என்பதும் பெரும்பாலும் அதில் வராது.

வந்த வருடத்துக் குஞ்சு அடுத்த கோடையில் ஊர் திரும்பாது. இரண்டு வயது ஆகும் வரை பெரும்பாலும் குளிர்காலத்தைக் கழித்த பகுதியிலேயே தங்கிவிடும். அப்படியென்றால் மே மாதம் நம் பக்கம் ஒரு விராலடிப்பான் கண்ணில் பட்டால், அது இளம் பறவையாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அப்போது குளமெல்லாம் வற்றி ஆடுமாடு மேய்ந்துகொண்டிருக்கும். மணிமுத்தாறு அணை, பாபநாசம் அணை, ஆற்றில் தண்ணீர் தேங்கிய கசங்கள், புன்னைக்காயல் முகத்துவாரம், இங்கெல்லாம்தான் தேட வேண்டும். அக்டோபர், நவம்பரிலேயே பார்த்தால் இன்னும் எளிது: குஞ்சின் முதுகு இறகுகளுக்கு வெளிறிய ஓரம் இருக்கும், தூரத்திலிருந்து செதில் செதிலாகத் தெரியும், கண் ஆரஞ்சு நிறம். வளர்ந்ததற்கு முதுகு ஒரே பழுப்பு, கண் மஞ்சள். பறவை பார்த்ததைப் பதிவு செய்யும் இணையதளமான இபேர்டில் பதிவு போடும்போது எண்ணிக்கையோடு நிறுத்தாமல் வயதையும், காலில் வளையம் இருந்ததா இல்லையா என்பதையும் எழுதுங்கள், கால் தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்றே எழுதுங்கள்.