டிராவல்ஸ் வேனில் பழைய பெயரை எடுக்க: ஹீட் கன்னா, ரப்பர் சக்கரமா, தின்னரா?

கேம்பர் வேன் கட்ட ஆசைப்படுகிறவர்கள் கைக்கு நம்மூரில் பலமுறை வந்து சேர்வது டிராவல்ஸில் ஓடிய டெம்போ டிராவலர், இல்லாவிட்டால் ஓய்வுபெற்ற ஆம்புலன்ஸ். உள்ளே கட்டில், அடுப்பு என்று கணக்குப் போடுவதற்கு முன்பே வெளியே வேலை காத்திருக்கும். பக்கவாட்டில் ஆளுயரப் பெயர், பின்கதவில் செல் நம்பர், கண்ணாடியில் குலதெய்வம். ஆம்புலன்ஸ் என்றால் முன்னால் இடவலம் மாறிய எழுத்து. அதோடு போனால் எல்லோரும் ஒதுங்கி வழிவிடுவார்கள்தான், செக்போஸ்ட் வரைக்கும்.

இந்த ஸ்டிக்கர்களை எடுக்கிற வழிகளை ஒப்பிடுவதற்கு முன் வண்டியின் பெயிண்டைப் பாருங்கள். எந்த வழி ஜெயிக்கும் என்பதை ஸ்டிக்கரை விட அதுதான் முடிவு செய்கிறது. கம்பெனி பெயிண்ட் அடுப்பில் நூறு டிகிரிக்கு மேல் வெந்து வந்தது, சூட்டைத் தாங்கும். டிங்கரிங் கடையில் பட்டி (பள்ளத்தை நிரப்பும் பூச்சு) பார்த்து அடித்த பெயிண்ட் அப்படி இல்லை. ஸ்டிக்கரை இழுக்கும்போது கூடவே பாளமாகக் கழன்று வரலாம். ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றித் தகரத்தின் மேல் நகர்த்துங்கள். பிடிப்பு தளர்கிற இடத்தில் அடியில் பட்டி இருக்கிறது. அடுத்தது, கதவைத் திறந்து உள்விளிம்பில் தின்னர் தொட்ட துணியால் தேயுங்கள். நிறம் துணியில் இறங்கினால் அது சாதாரண பெயிண்ட், அந்த வண்டியில் தின்னர் பேச்சே வேண்டாம்.

பெயிண்ட் நல்ல நிலையில் இருந்தால் என் ஓட்டு சூட்டுக்குத்தான். சூடு பட்டால் ஸ்டிக்கரின் வினைல் பிளாஸ்டிக் இளகும், அடியில் இருக்கிற பசையும் பிடியை விடும். இதில் ஹேர் டிரையரா ஹீட் கன்னா என்று கேட்டால், முதல்முறை செய்கிறவர் ஹேர் டிரையரே எடுக்கலாம். மெதுவாகத்தான் போகும், ஆனால் பெயிண்ட் கொப்பளிக்காது. ஹீட் கன் என்பது சூடான காற்றை ஊதும் பட்டறைக் கருவி; அதன் வாயில் சில நூறு டிகிரி வரும். ஒரே இடத்தில் நிறுத்தினால் பம்பர் பிளாஸ்டிக் வளைந்துவிடும், ஃபைபர் பேனலும் கெட்டுவிடும். கையை ஓட்டிக்கொண்டே இருங்கள். தகரத்தில் விரல் வைத்தால் சுடுகிறது, ஆனால் வைக்க முடிகிறது என்கிற அளவு போதும். ஓரத்தை ஒரு பழைய ஏ.டி.எம். கார்டால் கிளப்பிவிட்டு, நம் பக்கமாக நேரே இழுக்காமல் ஸ்டிக்கரைத் தன்மேலேயே மடக்கி, தகரத்தை ஒட்டினாற்போல் மெல்ல உரிக்க வேண்டும். அவசரப்பட்டு வெடுக்கென்று இழுத்தால் படலம் மட்டும் வந்து பசை முழுக்க வண்டியிலேயே தங்கிவிடும்.

இத்தனையும் ஸ்டிக்கருக்கு உயிர் இருந்தால்தான். பல வருஷம் வெயிலில் நின்ற வினைலில் அதை வளைய வைக்கிற சத்து வற்றிப்போயிருக்கும், தொட்டால் அப்பளம் மாதிரி நொறுங்கும். ஒரு எழுத்து நகக்கண் அளவு துண்டுகளாக வரும்போது சூட்டை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுவதில் அர்த்தமில்லை. அங்கேதான் ரப்பர் சக்கரம். டிரில்லில் மாட்டி ஓட்டினால் படலத்தையும் பசையையும் சேர்த்து அழி ரப்பர் மாதிரி தேய்த்து எடுத்துவிடும். வீடியோக்களில் பார்க்க மந்திரம் மாதிரி இருக்கும்; குப்பையாகக் கொட்டுகிற ரப்பர் தூளை யாரும் காட்டுவதில்லை. நம்மூர்ப் பட்டறைகளில் இன்னொரு ஆபத்து: டிரில் தேடப் பொறுமையில்லாமல் ஆங்கிள் கிரைண்டரில் மாட்டிவிடுகிறார்கள். கிரைண்டர் நிமிஷத்துக்குப் பத்தாயிரம் சுற்றைத் தாண்டும். இந்தச் சக்கரங்களில் பலவும் 4,000 சுற்றுக்கு உட்பட்டே ஓட வேண்டியவை. சக்கரம் பிய்ந்து முகத்தில் அடிக்கும், அடிக்காவிட்டால் பெயிண்டைச் சுட்டுவிடும். மறுபெயிண்ட் அடித்த வண்டிக்கு நான் இதைச் சொல்லவே மாட்டேன்.

ரேடியம் ஸ்டிக்கர் தனி ரகம். மேல்தோல் உரிந்து வந்துவிடும், பொடிக் கண்ணாடி மணிகள் கலந்த அடுக்கு பசையோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். அதைச் சக்கரம் வைத்துத் தேய்த்தால் அந்தப் பொடியே பெயிண்டில் கீறல் போடும். கூடுதல் சூடு, கூடுதல் பொறுமை, வேறு வழி இல்லை. கண்ணாடியில் இருப்பதற்கு இவ்வளவு யோசனை தேவையில்லை. சோப்புத் தண்ணீரும் பிளேடும் போதும்.

தின்னர், பெட்ரோல், மண்ணெண்ணெய் எல்லாம் ஸ்டிக்கரை எடுக்க அல்ல, மிச்சப் பசையை எடுக்க. அதற்கு மண்ணெண்ணெய்தான் சாது. துணியில் நனைத்துப் பசைமேல் கொஞ்ச நேரம் ஒட்டிவைத்துத் துடைத்தால் சுருண்டு வரும், அப்புறம் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். இப்போது ஊருக்கு ஊர் கிடைப்பதில்லை என்பதுதான் சிக்கல். இருக்கவே இருக்கிறது டர்பன்டைன். பெட்ரோலும் பசையைக் கரைக்கும். ஆனால் பக்கத்திலேயே ஹீட் கன் சூடாகக் கிடக்கிற இடத்தில் பெட்ரோல் துணியைப் பிழிவதை நினைத்தாலே பகீர் என்கிறது.

நகத்தால் சுரண்டி ஓரமே தட்டுப்படவில்லை என்றால் அது ஸ்டிக்கர் அல்ல, ஆர்ட்டிஸ்ட் பிரஷ்ஷில் எழுதியது. சூடும் சக்கரமும் அங்கே பலிக்காது. 2000 நம்பர் வாட்டர் பேப்பரில் தண்ணீர் விட்டு மெல்லத் தேய்த்து, ரப்பிங் காம்பவுண்ட் (பெயிண்டை மெருகேற்றும் களிம்பு) போட வேண்டும். அடியில் இருக்கிற பெயிண்ட் மெல்லியது என்றால் பெயிண்டரிடம் விட்டுவிடுவது மலிவு.

இனி யாரும் முன்கூட்டிச் சொல்லாத சங்கதி. எல்லாம் சுத்தமாக எடுத்து, கழுவி, சாய்ந்த வெயிலில் பார்த்தால் பெயர் அப்படியே படிக்கக் கிடைக்கும். எழுத்துக்கு அடியில் இருந்த பெயிண்ட் புதுசு, சுற்றியுள்ளது வெளுத்தது. எந்த வழியில் எடுத்தாலும் இந்த நிழல் இருக்கும். வெள்ளை வண்டியில் ரப்பிங் காம்பவுண்ட் போட்டுத் தேய்த்தால் பெருமளவு மங்கும். நீலம், சிவப்பில் பாதிதான் போகும். அதற்குமேல் தேய்த்தால் மேல்பூச்சு தாங்காது. அகலமான புதுப் பட்டை ஸ்டிக்கரை அதன்மேல் ஒட்டி மறைப்பது எனக்குப் பிடித்த குறுக்கு வழி. பழைய எழுத்தை எடுக்காமலே மேலே ஒட்டலாமா என்றால், கூடாது, மேடு தெரியும். முழு வண்டிக்கும் பெயிண்ட் என்று இறங்கினால் அதே நிறத்தையே அடியுங்கள். நிறம் மாறினால் ஆர்.டி.ஓ. ஆபீஸ் போய் ஆர்.சி.யிலும் மாற்ற வேண்டியிருக்கும்.