எந்த அரபியைப் படிப்பது?

அரபி படிக்கக் கிளம்புகிறவரைத் திணறடிப்பது எழுத்து அல்ல. எந்த அரபி என்ற கேள்விதான். செய்தித்தாளிலும் பாடநூலிலும் இருப்பது ஃபுஸ்ஹா. வீட்டிலும் சந்தையிலும் புழங்குவது ஆம்மிய்யா. அதுவும் கெய்ரோவில் ஒரு மாதிரி, ரியாத்தில் வேறு மாதிரி. செய்தி வாசிப்பவரின் தமிழில் நாமும்தான் டீக்கடையில் பேசுவதில்லை. ஆனால் அங்கே இடைவெளி இன்னும் அதிகம்.

'என்ன வேண்டும்?' என்பதற்கு ஃபுஸ்ஹாவில் 'மாதா துரீது?' கெய்ரோக் கடைக்காரர் 'ஆயிஸ் ஏ?' என்பார். ரியாத்தில் 'வேஷ் தபி?'. ஒன்றுக்கொன்று ஒட்டவே இல்லை, பாருங்கள். இதயம் என்பது ஃபுஸ்ஹாவில் 'கல்ப்'. ககரம் அடித்தொண்டையிலிருந்து வர வேண்டும். கெய்ரோக்காரர் அதை விழுங்கிவிட்டு 'அல்ப்' என்பார். ரியாத்தில் அது 'தங்கம்' என்பதில் வரும் ககரமாகிவிடும். நாம் வழக்கம்போல 'கண்' என்பதில் வரும் ககரத்தைப் போட்டால் நாய் என்று அர்த்தம்!

எழுத்து எல்லாருக்கும் பொது. 28 எழுத்துகள், வலமிருந்து இடம். பெப்ஸி பாட்டிலைப் பார்த்தே பாதி கற்றுவிடலாம். 'படம்' என்பதில் வரும் பகரத்துக்கு எழுத்து இல்லாததால் 'அம்பு' என்பதில் வரும் பகரத்தையே இரண்டு இடத்திலும் போட்டிருப்பார்கள். சொல்லின் நடுவில் பல எழுத்துகளுக்கு ஒரே பல்போன்ற வடிவம். கீழே ஒரு புள்ளி என்றால் அந்த 'அம்பு' பகரம், இரண்டு என்றால் 'ய', மேலே ஒன்று என்றால் 'ந', இரண்டு என்றால் 'த'. சொல்லின் கடைசியில் 'ய' வந்தால் எகிப்தில் அந்தப் புள்ளிகளையும் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள்.

இதைவிடத் தொல்லை, குறில் உயிர்களை எழுதாமல் விடுவது. க-த-ப என்ற மூன்று மெய்கள் மட்டும் இருக்கும். அது 'கதப' (எழுதினான்), 'குதிப' (எழுதப்பட்டது), 'குதுப்' (புத்தகங்கள்) என மூன்றில் எதுவாகவும் இருக்கலாம். இலக்கணம் தெரிந்தால்தான் சரியாக வாசிக்க முடியும். ஃபுஸ்ஹா ஜெயிப்பது இங்கேதான்.

குர்ஆனோ செய்தித்தாளோ வாசிக்க ஃபுஸ்ஹாவைத் தவிர வழியில்லை. சினிமாப் பிரியர்களுக்கு எகிப்திய வழக்கு. அந்தப் படங்களின் புண்ணியத்தில் அது மற்ற அரபு நாடுகளிலும் ஓரளவு புரியும். வளைகுடாவுக்கு வேலைக்குப் போகிறவருக்கு? ஃபுஸ்ஹா இலக்கணத்தோடு ஆரம்பிக்காதீர்கள் என்பேன். முதலில் எழுத்து, கூடவே அந்த ஊர்ப் பேச்சு. 'இப்போது' என்பதற்குப் புத்தகத்தில் இருக்கும் 'அல்ஆன்' காத்திருக்கட்டும். முதலாளி கேட்பது 'அல்ஹீன்'.