பாம்புக்கடி: பக்கத்து பி.எச்.சி.யா (ஆரம்ப சுகாதார நிலையம்), நேரே பெரியாஸ்பத்திரியா?

கிருஷ்ணகிரி மாவட்டத்து அஞ்செட்டியில் ராகி அறுக்கும்போதோ, தருமபுரி மாவட்டத்துச் சித்தேரி மலையில் ராத்திரி தரையில் படுத்திருக்கும்போதோ கடிபட்டால் வீட்டில் உடனே எழும் வாக்குவாதம் இது: "பி.எச்.சி.யில் என்ன இருக்கும், நேரா தருமபுரிக்கே போயிடலாம்", "அதுவரைக்கும் தாங்குமா?" இரண்டு பேச்சிலும் நியாயம் இருக்கிறது.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை ஒதுக்குவோம். பெரியாஸ்பத்திரியில் இருப்பது வீரியம் கூடிய விஷமுறிவு மருந்து அல்ல. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்குக்கும் சேர்த்து, குதிரைக்கு விஷம் ஏற்றி அதன் ரத்தத்திலிருந்து எடுக்கும் அதே 10 மி.லி. குப்பிதான் இரண்டு இடத்திலும். முதல் தவணை 10 குப்பி. குழந்தைக்கும் அதே அளவுதான்; ஆள் சிறியது என்று பாம்பு விஷத்தைக் குறைத்து விடுவதில்லை.

ஆகவே வித்தியாசம் மருந்தில் இல்லை, நேரத்தில் இருக்கிறது. கட்டுவிரியன் கடியில் வலியோ வீக்கமோ பெரிதாகத் தெரியாது. விடியற்காலை வயிற்றுவலி, பிறகு இமை சரிவு, விழுங்க முடியாமை என்று போகும். நரம்பு முனையில் விஷம் வேலையை முடித்துவிட்டால் எத்தனை குப்பி ஏற்றினாலும் அந்தச் சேதம் திரும்பாது. அஞ்செட்டியிலிருந்து கிருஷ்ணகிரிக்கு ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாது. அந்த நேரத்தைச் சும்மா ரோட்டில் கழிப்பதைவிடப் பக்கத்தில் முதல் தவணையைத் தொடங்குவது மேல். மூச்சு திணறத் தொடங்கியவருக்கு மருந்து மட்டும் போதாது, வென்டிலேட்டரும் வேண்டும். எனவே டிரிப்ஸ் தொடங்கும்போதே 108-ஐ வரவழைத்து வைக்க வேண்டும்.

ரத்தத்தை உறையவிடாத கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் கடிக்குக் கணக்கு வேறு. 2 மி.லி. ரத்தத்தைச் சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்ப்பார்கள். உறையாமல் ஓடினால் விஷம் ஏறியிருக்கிறது. பிளாஸ்டிக் குழாயோ, சோப்புத்தூளில் கழுவிய குழாயோ முடிவைக் கெடுத்துவிடும். இந்தச் சோதனைக்கு பி.எச்.சி.யே போதும். விஷம் ஏறாத கடிக்கு மருந்து தேவையில்லை என்பதால்தான், "போனதும் ஊசி போடலை" என்று சண்டை போடுவதில் அர்த்தமில்லை என்கிறோம். 24 மணி நேரக் கண்காணிப்பு மட்டும் கட்டாயம்.

பி.எச்.சி. தோற்கும் இடம் இரண்டாவது தவணை. மருந்து ஏற்றியபின், ரத்தத்தை உறையவைக்கும் பொருட்களைக் கல்லீரல் மறுபடி உருவாக்க சுமார் 6 மணி நேரம் ஆகும். அப்போதும் ரத்தம் உறையாவிட்டால் இன்னொரு தவணை, மொத்தம் 30 குப்பி வரை. கண்ணாடிவிரியன் சிறுநீரகத்தையும் அடிக்கும். சிறுநீர் குறைந்தால் டயாலிசிஸ் வேண்டும். அதற்கு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைதான்.

மலைப்பகுதிக்கு இன்னொரு ஒப்பீடும் உண்டு: மருந்து திரவமாக வேண்டுமா, பொடியாக வேண்டுமா? திரவக் குப்பி உடனே ஏற்றலாம், ஆனால் 2 முதல் 8 டிகிரி குளிர் அறாமல் இருக்க வேண்டும். கரண்ட் போகும் ஊரில் இது வம்பு. பொடி சாதாரண வெப்பத்திலும் தாங்கும். ஆனால் ஒவ்வொரு குப்பியிலும் 10 மி.லி. ஊசிநீர் விட்டு மெதுவாகச் சுழற்றிக் கரைக்க வேண்டும். அவசரத்தில் குலுக்கினால் நுரைதான் மிஞ்சும். பத்துக் குப்பிக்கு இரண்டு பேர் உட்கார்ந்தால் நல்லது. எங்கள் ஓட்டு மலைக்குப் பொடி.

ஒவ்வாமை எங்கே ஏற்றினாலும் வரலாம். சோதனை ஊசி அதை முன்கூட்டிச் சொல்லாது. அரிப்பு, தடிப்பு, வாந்தி, நடுக்கம் தெரிந்தால் டிரிப்ஸை நிறுத்திவிட்டு, பெரியவருக்கு அட்ரினலின் 0.5 மி.கி. தொடைத் தசையில் போட வேண்டும். அது கையருகே இல்லாத இடத்தில் மருந்தைத் தொடங்கக் கூடாது.

எனவே கிளம்பும்போதே பி.எச்.சி.க்குப் போன் போட்டு இரண்டு கேள்வி: டாக்டர் இருக்கிறாரா? 10 குப்பி இருக்கிறதா? இரண்டுக்கும் ஆமாம் என்றால் அங்கே. இல்லையென்றால் தேன்கனிக்கோட்டை, பென்னாகரம், அரூர் அரசு மருத்துவமனைகளில் எது கிட்டவோ அது. பைக்தான் உண்டென்றால் கடிபட்டவரை நடுவில் உட்காரவைத்துப் பின்னால் ஒருவர் பிடித்துக்கொள்ளலாம். கயிறு கட்டியிருந்தால் வழியில் சட்டென்று அவிழ்க்காதீர்கள், தேங்கிய விஷம் மொத்தமாக ஏறும். டாக்டர் முன்னால் அவிழ்க்கட்டும்.

பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினால் சீட்டில் கடித்த நேரம், ஏற்றிய குப்பிகள், தொடங்கிய நேரம், ரத்தம் உறைந்ததா என்ற நான்கும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். தொடங்கிய நேரம் தெரியாவிட்டால் அந்த 6 மணி நேரத்தை எங்கிருந்து எண்ணுவது என்றே அங்கே யாருக்கும் தெரியாது.